பழைய கார்புரேட்டர் காரைப் புகை டெஸ்ட்டில் தேற்றுவது எப்படி: எதை முதலில் தொட வேண்டும், எதைக் கடைசியில்

மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், பத்மினி, அம்பாசிடர் என்று கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் முறை), டீசல் வண்டிகளுக்கு வேறுபடும் இடங்களைக் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

டெஸ்ட்டில் வண்டி தோற்றதும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைக் கார்புரேட்டரில் தேடித் திருகுவது. அதைத்தான் கடைசியில் தொட வேண்டும். பிளக், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி), காற்றுக் கசிவு இவற்றில் எது கெட்டிருந்தாலும் புகை அளவு மாறும், அந்தக் கோளாறை மறைக்க ஸ்க்ரூவைத் திருப்பினால் சிஓ (கார்பன் மோனாக்சைடு) இறங்கும், ஹெச்சி (ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல்) ஏறும், வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆஃப் ஆகும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. உங்கள் வண்டிக்கு எந்த வரம்பு என்று பாருங்கள்

எல்லாப் பெட்ரோல் காருக்கும் ஒரே வரம்பு இல்லை. பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நிலை. பிஎஸ்-2க்கு முந்தைய கார் என்றால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) சிஓ 3 சதவீதம், ஹெச்சி 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை போகலாம். பிஎஸ்-2, பிஎஸ்-3 கார் என்றால் சிஓ 0.5 சதவீதம், ஹெச்சி 750 பிபிஎம். பிஎஸ்-4 முதல் சிஓ 0.3, ஹெச்சி 200, அதோடு 2500 ஆர்பிஎம் பக்கம் வைத்து இன்னொரு சோதனையும் உண்டு.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பிஎஸ்-2 சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 2001 வாக்கிலேயே வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே 2003 மாடல் என்று ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அந்த வண்டி எந்த நிலைக்குத் தயாரானது என்பதுதான் கணக்கு. ஆர்சியில் இருப்பதையும் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் வரும் விவரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தவறாக ஏறியிருந்தால் 3 சதவீதத்துக்குள் தேற வேண்டிய கார்புரேட்டர் வண்டியை 0.5 என்ற அளவில் நிறுத்திவிடுவார்கள், அதற்கு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைத் திருத்த வேண்டும்.

கூடவே வண்டியோடு இணைந்திருக்கும் மொபைல் எண் உங்களுடையதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகளில் முதல் உரிமையாளரின் எண்ணே பல வருடம் அப்படியே கிடக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல் அல்லது அதன் நகல். இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், ஏனென்றால் பிளக் இடைவெளி, டேப்பெட் இடைவெளி, டைமிங், ஐடில் வேகம் நான்கும் வண்டிக்கு வண்டி மாறும், பக்கத்து வண்டியின் அளவு உங்களுக்கு உதவாது. அப்புறம் ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், டைமிங் லைட், ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, நல்ல டார்ச், பக்கத்தில் ஒரு தீயணைப்பான். டைமிங் லைட்டும் கம்ப்ரஷன் கேஜும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் இருக்கும். அந்த இரண்டு வேலைகளை மட்டும் அவரிடம் கொடுத்துவிடலாம்.

3. எதையும் கழற்றும் முன் ஓர் அளவு எடுங்கள்

புகை அளக்கும் மையத்தில், சான்றிதழ் வேண்டாம், அளவு மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கொஞ்சம் பணம் கொடுத்தால் பெரும்பாலும் பார்த்துச் சொல்வார்கள். ஏற்கெனவே தோற்றிருந்தால் நிராகரிப்புச் சீட்டு இருக்கும், 2021 முதல் அப்படி ஒரு சீட்டு கொடுக்க வேண்டும் என்றே விதி, அதில் உங்கள் வண்டியின் அளவு அச்சாகியிருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், எங்கே தேட வேண்டும் என்று அதுதான் சொல்லும்.

சிஓ அதிகம், ஹெச்சி பரவாயில்லை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் (குளிர்ந்த எஞ்சினுக்காகக் காற்றை அடைக்கும் தகடு), ஏர் ஃபில்டர், ஃப்ளோட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) பக்கம் தேடுங்கள்.

சிஓ குறைவு, ஹெச்சி மட்டும் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது. ஸ்பார்க் பலவீனமாக இருக்கலாம், காற்று கசியலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். இந்த நிலையில் மிக்சரை இன்னும் குறைத்தால் ஹெச்சி மேலும் ஏறும். புதிதாகச் செய்பவர்கள் விழும் முதல் குழி இது.

இரண்டும் அதிகம் என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி வழிகிறது, அல்லது பெட்ரோல் கலந்த பழைய ஆயில் எஞ்சினுக்குள் இருக்கிறது, அல்லது இரண்டும் சேர்ந்திருக்கிறது.

மெஷினில் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் தெரிந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. அது மிகவும் குறைந்து ஆக்சிஜன் ஏறியிருந்தால் சைலன்சரில் ஓட்டை இருக்கலாம், அல்லது அளக்கும் குழாயைச் சரியாக உள்ளே விடவில்லை.

சைலன்சரிலிருந்து நீலப் புகை தொடர்ந்து வருகிறது என்றால் ட்யூனிங்கை நிறுத்திவிட்டு நேராக 5-ஆம் படிக்குப் போய் கம்ப்ரஷன் பாருங்கள். ஆயில் எரியும் எஞ்சினில் பிளக்கும் ஃபில்டரும் மாற்றுவது வீண் செலவு.

4. ஆயில், ஏர் ஃபில்டர், தெர்மோஸ்டாட்

ஆயில் மாற்றி நாளாகியிருந்தால் மாற்றுங்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும், சூடானதும் அது ஆவியாகிப் பிசிவி வால்வு (எஞ்சின் அடியில் சேரும் ஆவியை உள்ளே அனுப்பும் வால்வு) வழியாக மறுபடி எஞ்சினுக்கே வந்து எரியும், அந்தக் கூடுதல் பெட்ரோல் கார்புரேட்டர் கணக்கில் வராதது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். அளவுக்கு மேலே ஆயில் ஊற்றுவதும் தப்பு, அதுவும் அதே வழியில் உள்ளே போய்ப் புகையாகும்.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடும் பழக்கத்தை இந்த ஒரு தடவையாவது விடுங்கள். புதிது போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று கழற்றி வீசிவிடும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. அது இல்லாத எஞ்சின் ஓடும்போது தேவையான சூட்டுக்கு வராது, குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எரியாமலே வெளியேறும். நெடுஞ்சாலையில் ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்திருந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. எம்பிஎஃப்ஐ வண்டியில் இது இன்னும் மோசம், எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். விலை அதிகமில்லாத சாமான், திரும்பப் போட்டுவிடுங்கள்.

5. டேப்பெட், கம்ப்ரஷன்

டைமிங்குக்கும் கார்புரேட்டருக்கும் முன்பே இதைச் செய்வதற்குக் காரணம், வால்வு சரியாக மூடாத சிலிண்டர் ஒழுங்காக இழுக்காது, அதை வைத்துக்கொண்டு ஐடிலை எப்படிச் செட் செய்தாலும் நிற்காது.

டேப்பெட் சத்தமே வரவில்லை, எஞ்சின் அருமையாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். பழைய எஞ்சினில் வால்வு அதன் சீட்டுக்குள் மெல்ல மெல்ல உட்கார்ந்துகொண்டே போகும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும், ஒரு கட்டத்தில் எக்சாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. லேசாக டிக் டிக் என்று கேட்கும் டேப்பெட்தான் நல்லது. மேனுவல் குளிர்ந்த எஞ்சினுக்கு ஓர் அளவும் சூடான எஞ்சினுக்கு ஓர் அளவும் கொடுத்திருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிறகு கம்ப்ரஷன். எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஓட்டிப் பாருங்கள். எண்ணை விட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்வு. எதுவானாலும் அது எஞ்சினைப் பிரிக்கிற வேலை, அதை முடிக்காமல் மேலே போவதில் பயனில்லை.

6. பிளக், பாயிண்ட், டைமிங்: இந்த வரிசையிலேயே

பழைய பிளக்கைக் கழற்றியதும் எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி. காய்ந்த கரி மாதிரிக் கறுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாகப் பளபளவென்று இருந்தால் ஆயில். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் தேடலாம், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

புதுப் பிளக்கும் கடையிலிருந்து வரும்போதே சரியான இடைவெளியில் இருக்கும் என்று நம்பாதீர்கள், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பிளக் வயர்களை இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், எங்கேயாவது நீலப் பொறி தெரிந்தால் அந்த வயர் கசிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் மூடியை மாற்றுங்கள்.

பிளாட்டினம் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறிக்காகத் திறந்து மூடும் ஸ்விட்ச்) உள்ள வண்டி என்றால் பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்துவிட்டு டைமிங் வையுங்கள். மாற்றிச் செய்யக் கூடாது. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங் தானாக நகரும், டைமிங்கை வைத்த பிறகு பாயிண்ட்டைத் தொட்டால் செய்த வேலை வீண்.

டைமிங்கை மேனுவல் சொல்லும் இடத்தில் வையுங்கள். பிக்கப் வேண்டும் என்று காதால் கேட்டு முன்னே தள்ளி வைத்திருக்கும் வண்டிகள் ஏராளம், டைமிங் முன்னே போகப் போக ஹெச்சி ஏறும். ஹெச்சியைக் குறைக்க அளவுக்கு மீறிப் பின்னே தள்ளுவதும் வேண்டாம், எஞ்சின் சூடாகும்.

7. காற்றுக் கசிவு

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். முதலாவது உள்ளே போகிற பக்கம்: கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்குவம் ஹோஸ்கள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய். ஐடிலில் ஓடும்போது இந்த இடங்களில் கார்புரேட்டர் கிளீனரைத் துளித் துளியாக அடியுங்கள், எஞ்சின் வேகம் சட்டென்று மாறினால் அங்கே கசிகிறது. அது தீப்பிடிக்கும் திரவம், எக்சாஸ்ட் மேனிஃபோல்டு மேலோ பிளக் வயர் மேலோ படக் கூடாது, எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. கையால் அழுத்திப் பார்த்து உப்பியோ மெத்தென்றோ இருந்தால் பெட்ரோல் குழாய்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது சைலன்சர். தடிமனான துணியைச் சுருட்டி வால் குழாயை ஒரு சில நொடி அடைத்துப் பிடித்தால் கசியும் இடத்தில் புஸ்ஸென்று சத்தம் வரும். ஓட்டை வழியாக வெளிக் காற்று உள்ளே இழுக்கப்பட்டுப் புகையோடு கலக்கும், மெஷின் காட்டும் அளவை அப்புறம் நம்ப முடியாது.

8. கார்புரேட்டரில் ஸ்க்ரூவுக்கு முன் பார்க்க வேண்டியவை

சோக் முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். டேஷ்போர்டில் சோக் குமிழை உள்ளே தள்ளினாலும் கேபிள் துருப்பிடித்திருந்தால் கார்புரேட்டரில் தகடு பாதியில் நிற்கும், சிஓ 6, 7 என்று ஏறி நிற்பதற்கு இதுவே போதும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள், சூடான எஞ்சினில் அந்தத் தகடு நேராக நிற்க வேண்டும்.

மூடி கழற்றியபடியே ஐடிலில் ஓடவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள். நடுவில் இருக்கும் மெயின் நாசிலில் இருந்து ஐடிலில் பெட்ரோல் சொட்டக் கூடாது. சொட்டினால் நீடில் வால்வு (ஃப்ளோட் உயர்ந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) மூடவில்லை, அல்லது ஃப்ளோட் மட்டம் அதிகம். மிக்சர் ஸ்க்ரூவை முழுதாக மூடினாலும் இந்தப் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், அதனால்தான் சிலர் எவ்வளவு திருகியும் சிஓ இறங்குவதில்லை.

ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) சுத்தம் செய்யக் கம்பி விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகும். கிளீனரும் காற்றும் போதும்.

9. இப்போது மிக்சர் ஸ்க்ரூ

எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் தானாக ஒரு முறை ஓடி நின்ற பிறகு ஆரம்பியுங்கள். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஏர் ஃபில்டரும் மூடியும் மாட்டியிருக்க வேண்டும், கழற்றி வைத்துச் செட் செய்தால் மாட்டியதும் மிக்சர் மாறும்.

முதலில் ஸ்க்ரூ இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவைத்துவிட்டு, அதே இடத்துக்குத் திரும்ப வாருங்கள். உட்காரும்போது இறுக்கக் கூடாது, ஊசி முனையில் வடு விழுந்தால் அதற்கப்புறம் அந்த ஸ்க்ரூ நுணுக்கமாக வேலை செய்யாது.

ஐடில் வேகத்தை மேனுவல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக வெளியே எடுங்கள், வேகம் ஏறும், ஒரு இடத்துக்குப் பிறகு ஏறாது. அந்த உச்சத்தில் நிறுத்தி, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்புங்கள், வேகம் லேசாக இறங்கத் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைத் திரும்பச் சரிசெய்து, இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் எஞ்சின் நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் கொடுங்கள், அவசரப்பட்டுத் தொடர்ந்து திருகினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்றே தெரியாது.

கேஸ் அனலைசர் வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் சிஓ ஒன்றரை முதல் இரண்டுக்குள் வையுங்கள். வரம்பு 3 என்பதால் 2.9இல் விடாதீர்கள், டெஸ்ட் மையத்து மெஷினும் அன்றைய வெயிலும் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். அரை சதவீதத்துக்கும் கீழே இறக்க ஆசைப்பட்டாலும் எஞ்சின் தட்டுத் தடுமாறி ஹெச்சி ஏறும்.

ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லையா? த்ராட்டில் தகடு அளவுக்கு மேல் திறந்து நிற்கிறது, பெட்ரோல் வேறு துளை வழியாக வருகிறது. யாரோ முன்பு ஐடில் நிற்கவில்லை என்று ஐடில் ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி ஓட்டியிருப்பார்கள். ஐடில் குறைந்ததற்கான மூலக் காரணத்தை, பெரும்பாலும் அடைத்த ஸ்லோ ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் ஜெட்) அல்லது டைமிங், சரிசெய்துவிட்டு ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் மிக்சர் ஸ்க்ரூ மறுபடி வேலை செய்யும்.

10. எம்பிஎஃப்ஐ, டீசல் வண்டிகளுக்கு

எம்பிஎஃப்ஐயில் திருக எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) என்ற வரிசையில் பாருங்கள். கன்வெர்ட்டரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மிஸ்ஃபயர் இருக்கும் வண்டியில் புதிதாகப் போட்டாலும் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் அது உள்ளே இருக்கிறதா, வெற்று டப்பாவா என்பதையும் பார்க்க வேண்டும். வெற்று டப்பாவை வைத்து 0.5க்குள் வருவது மிகக் கடினம்.

டீசலில் டெஸ்ட்டே வேறு. நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள், பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு). எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போவதால் டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டியிருந்தால் மாற்றாமல் டெஸ்ட்டுக்கு விடவே கூடாது, அங்கேயே அறுந்தால் செலவு பெரிது. ஏர் ஃபில்டர், ஆயில் அளவு, நாசில் (டீசல் தெளிக்கும் முனை) சர்வீஸ் மூன்றையும் முடித்து, நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓட்டிச் சைலன்சரில் படிந்த கரியை வெளியேற்றிவிட்டு நேராக மையத்துக்குப் போங்கள்.

11. டெஸ்ட் நாளன்று

வீட்டு வாசலில் ஐடிலில் வைத்துச் சூடாக்காதீர்கள், பிளக்கில் கரிதான் படியும். 10, 15 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போங்கள். வரிசை நீளமாக இருந்தால் ஆஃப் செய்துவிட்டு, உங்கள் முறை வரும் முன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். நம்பர் பிளேட் படம் எடுப்பார்கள், அது தெளிவாக இருக்கட்டும்.

குழாயை விடுவதற்கு முன் மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முந்தின வண்டி நீலப் புகை விட்ட பழைய டூ ஸ்ட்ரோக் பைக்காக இருந்தால் அதன் ஹெச்சி குழாயிலேயே தங்கியிருக்கும், கொஞ்ச நேரம் காற்றை இழுக்கவிடச் சொல்லுங்கள். கேட்பதில் தயங்க வேண்டாம், நல்ல ஆபரேட்டர்கள் அவர்களே செய்வார்கள். குழாய் சைலன்சருக்குள் ஓர் அடியாவது போக வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் நிற்கும்வரை காத்திருங்கள், பழைய வண்டியில் அந்தச் சுமைக்கே ஐடில் இறங்கிவிடும்.

வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். எஞ்சினில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும், அந்தப் பெட்ரோலுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள், அந்தப் புகையை உங்கள் தெருக் குழந்தைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

12. கையில் சான்றிதழ் வந்ததும்

வண்டி எண், எரிபொருள், பிஎஸ் நிலை, அளவு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள், பரிவாகனில் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிக்கு இது 6 மாதம்தான் செல்லும், சான்றிதழ் இல்லாமல் மாட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். 15 வருடம் முடிந்து எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சோதனை) போக வேண்டிய வண்டி என்றால் அதற்கும் நடப்பில் உள்ள சான்றிதழ் வேண்டும்.

இன்று வந்த சிஓ, ஹெச்சி அளவையும் மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதையும் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து ஹெச்சி மட்டும் இரட்டிப்பாகியிருந்தால் 6-ஆம் படியிலிருந்து தேடினால் போதும், சிஓ ஏறியிருந்தால் ஏர் ஃபில்டரும் சோக்கும்.